லேப்டாப் இல்லாம, போனை மட்டும் வச்சு புது வைஃபை ரூட்டர் செட் பண்ணின அனுபவம்

பழைய ரூட்டர் ஒரு வாரமாவே தானா ஆஃப் ஆகி தானா ஆன் ஆகிட்டு இருந்துச்சு. மொதல்ல நாளைக்கு ஒரு தடவை, அப்புறம் மணிக்கு ஒரு தடவை, கடைசில சேர்ந்தாப்ல இருபது நிமிஷம் ஓடினாலே பெரிய விஷயம்ங்கிற நிலைமை. இந்த மாதிரி ரீஸ்டார்ட் ஆனா ரூட்டருக்கு முன்னாடி அடாப்டரைத்தான் சந்தேகப்படணும், அதனால அதே வோல்ட், அதே ஆம்பியர் உள்ள வேற ஒரு அடாப்டரைப் போட்டுப் பாத்தேன், அதுலயும் அப்படியேதான். சரின்னு புது ரூட்டர் வாங்கியாச்சு. ஆனா வீட்ல இருந்த ஒரே லேப்டாப் சர்வீசுக்குப் போயிருக்கு, கையில இருந்தது என் ஆண்ட்ராய்ட் போனும் தங்கச்சியோட ஐபோனும்தான்.

முழுசா முடிக்க மூணரை மணி நேரம் ஆச்சு. இப்ப திரும்பச் செய்யச் சொன்னா அரை மணி நேரத்துல முடிச்சிடுவேன். நடுவுல போன அந்த மூணு மணி நேரத்துல ரூட்டர் மேல ஒரு தப்பும் இல்ல, பெரும்பாலும் போன் நமக்கு நல்லது பண்றதா நினைச்சு தானா செஞ்ச வேலைங்களால வந்தது. இன்டர்நெட் இல்லன்னா மொபைல் டேட்டாவுக்குத் தாவுறது, டைப் பண்ணும்போது மொத எழுத்தைப் பெருசாக்குறது, பாஸ்வேர்டைத் தானா நிரப்புறது, மேக் அட்ரஸை, அதாவது கருவியோட அடையாள நம்பரை, மாத்திக் காட்டுறது, எல்லாம் மத்த நாள்ல நல்ல விஷயம்தான். ரூட்டர் செட் பண்ற அந்த நேரத்துக்கு மட்டும் ஒவ்வொண்ணும் குறுக்க நிக்குது. இதை யாராவது முன்னாடியே சொல்லியிருந்தா எனக்கு நல்லா இருந்திருக்கும், அதான் எழுதுறேன்.

பழையதைக் கழட்டுறதுக்கு முன்னாடி நான் செஞ்ச ஒரு வேலைதான் கடைசில காப்பாத்துச்சு, அதனால அதை மொதல்ல சொல்லிடுறேன். பழைய ரூட்டர் ஓடுற அந்த இருபது நிமிஷத்துக்குள்ள போன் பிரவுசர்ல அதோட செட்டிங்ஸ் எல்லாம் இருக்கிற அட்மின் பேஜுக்குப் போயி ஒவ்வொரு பக்கத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்தேன். ஸ்டேட்டஸ் பக்கம், வான் பக்கம், வைஃபை பக்கம் இந்த மூணும் கட்டாயம். வான்னா வெளியில இருந்து இன்டர்நெட் வர்ற பக்கம், லேன்னா வீட்டுக்குள்ள நம்ம கருவிங்க இருக்கிற பக்கம். வான் பக்கத்துல கனெக்ஷன் எந்த வகைன்னு போட்டிருக்கும், யூசர்நேம் தெரியும், பாஸ்வேர்ட் மட்டும் புள்ளி புள்ளியா இருக்கும். ஸ்டேட்டஸ் பக்கத்துல வான் மேக் அட்ரஸ்னு பன்னெண்டு எழுத்து இருக்கும், அது எதுக்குன்னு அப்ப எனக்குப் புரியல, ஆனாலும் எடுத்து வச்சேன். அப்புறம் ரூட்டருக்குப் பின்னாடி எந்த கேபிள் எந்த ஓட்டையில இருக்குன்னு ஒரு போட்டோ, அடியில இருக்கிற ஸ்டிக்கரை ஒரு போட்டோ. புது ரூட்டரோட ஆப், அதோட மேனுவல் பிடிஎஃப் ரெண்டையும் இன்டர்நெட் இருக்கும்போதே இறக்கி வச்சுக்கிட்டேன், ஏன்னா பின்னாடி மொபைல் டேட்டாவை ஆஃப் பண்ண வேண்டி வரும், அப்ப எதையும் தேட முடியாது. போன் சார்ஜ் முழுசா ஏத்திக்கோங்க, பாதியில போன் அணைஞ்சா கையில வேற ஒண்ணும் இல்ல.

அடாப்டர் விஷயத்துல கொஞ்சம் நிதானமா இருக்கணும். என்னோட பழைய ரூட்டர் 9 வோல்ட் 0.6 ஆம்பியர், புதுசு 12 வோல்ட் 1 ஆம்பியர். ரெண்டோட பின்னும் பாக்க ஒரே சைஸ், ஒண்ணு இன்னொண்ணுல அப்படியே உள்ள போகுது. 9 வோல்ட்ல புதுசை மாட்டினா லைட் எரிஞ்சாலும் எரியும், ஆனா லோடு வந்ததும் விழுந்து எந்திரிச்சுட்டே இருக்கும். 12 வோல்ட்டைப் பழசுல மாட்டினா அது அப்பவே போயிடலாம். ரெண்டு அடாப்டரும் ஒரே பிளக் பாயிண்ட் பக்கத்துல தொங்கும்போது மாறிப் போக ரொம்ப வாய்ப்பு இருக்கு, பழசை மொதல்ல உருவி வேற ரூம்ல வச்சுட்டு வந்துதான் புதுசைத் தொட்டேன்.

எங்க வீட்ல பைபர் பாக்ஸ் (வெளியில இருந்து வர்ற பைபர் கேபிள் முடியுற பெட்டி) தனி, ரூட்டர் தனி. பைபர் பாக்ஸ்ல இருந்து வர்ற லேன் கேபிளை புது ரூட்டரோட வான் போர்ட்ல போட்டேன். வான் போர்ட் மட்டும் பெரும்பாலும் வேற கலர்ல இருக்கும், இல்லன்னா மத்த நாலுல இருந்து கொஞ்சம் தள்ளி இருக்கும். கேபிளை லேன் போர்ட்ல மாட்டிட்டா வைஃபை வரும், அட்மின் பேஜும் திறக்கும், இன்டர்நெட் மட்டும் வராது, நம்ம செட்டிங்ஸ்ல தப்பு இருக்குன்னு நினைச்சு அதையே சுத்திட்டு இருப்போம். பவர் போட்டு ரெண்டு நிமிஷம் தொடாம விட்டேன், லைட்டெல்லாம் ஒரு நிலைக்கு வரணும்.

புது ரூட்டர் அடியில ஸ்டிக்கர்ல வைஃபை பேரும் பாஸ்வேர்டும் பொடி எழுத்துல இருந்துச்சு. போன் டார்ச்சைப் போட்டு ஒரு போட்டோ எடுத்து பெருசாக்கிப் பாருங்க, கண்ணால படிச்சு டைப் பண்ணாதீங்க, பூஜ்யமும் ஓ எழுத்தும், எட்டும் பி எழுத்தும் அந்த சைஸ்ல ஒண்ணு போலத்தான் தெரியும்.

மொதல்ல ஆப் வழியாத்தான் போனேன். ஆப் திறந்ததும் லொகேஷன் பர்மிஷன் கேட்டுச்சு. ரூட்டர் ஆப்புக்கு நான் எங்க இருக்கேன்னு எதுக்குன்னு சந்தேகம் வர்றது நியாயம்தான், ஆனா ஆண்ட்ராய்ட்ல பக்கத்துல என்னென்ன வைஃபை இருக்குன்னு ஒரு ஆப் பாக்கணும்னாலே லொகேஷன் பர்மிஷன் வேணும், ஏன்னா வைஃபை லிஸ்டை வச்சு நாம இருக்கிற இடத்தைக் கண்டுபிடிக்க முடியும். அதனால அந்த நேரத்துக்கு மட்டும் கொடுத்துட்டு முடிஞ்சதும் எடுத்துட்டேன். ஐபோன்ல இதே மாதிரி லோக்கல் நெட்வொர்க்னு ஒரு பர்மிஷன் கேக்கும், ஐஓஎஸ் 14ல இருந்து இருக்கு, அதை வேணாம்னு தட்டிட்டா ஆப்புக்கு ரூட்டர் கண்ணுலயே படாது. தங்கச்சி அப்படித்தான் தட்டிட்டா, செட்டிங்ஸ்க்குப் போயி திரும்ப ஆன் பண்ணினோம்.

பர்மிஷன் எல்லாம் கொடுத்தும் ஆப் 'கருவி கிடைக்கவில்லை'ன்னே சொல்லிட்டு இருந்துச்சு. மூணு தடவை, நாலு தடவை. போன் வைஃபைல கனெக்ட் ஆனதாத்தான் காட்டுது. உண்மையில என்ன நடந்துச்சுன்னா, புது ரூட்டர்ல இன்னும் இன்டர்நெட் வரல, போன் அதை ரெண்டு செகண்ட்ல கண்டுபிடிச்சு 'இந்த வைஃபைல இன்டர்நெட் இல்ல'ன்னு முடிவு பண்ணி, வைஃபை ஐகானை அப்படியே வச்சுக்கிட்டு உள்ளுக்குள்ள மொபைல் டேட்டாவுக்குப் போயிடுச்சு. ஆப் ரூட்டரைத் தேடுறது மொபைல் நெட்வொர்க்ல, அங்க எப்படிக் கிடைக்கும். நோட்டிபிகேஷனை இழுத்துப் பாத்தப்பதான் 'இன்டர்நெட் இல்லாவிட்டாலும் இணைந்திருக்கவா'ன்னு ஒரு கேள்வி பதில் இல்லாம காத்துட்டு இருந்துச்சு. அதுக்கு ஆமான்னு சொல்லி, கூடவே மொபைல் டேட்டாவையும் சுத்தமா ஆஃப் பண்ணினேன். இந்த ஒண்ணை மட்டும் ஆரம்பத்துலயே செஞ்சிருந்தா நாப்பது நிமிஷம் மிச்சம்.

டேட்டாவை ஆஃப் பண்ணினதும் ஆப் ரூட்டரைக் கண்டுபிடிச்சுச்சு, ஆனா உடனே அக்கவுண்ட் ஆரம்பிக்கச் சொல்லுது, அதுக்கு இன்டர்நெட் வேணும். இன்டர்நெட் வரணும்னா ரூட்டரை செட் பண்ணணும். ஆப்பை மூடிட்டு பிரவுசருக்கு வந்துட்டேன். ஆப் வசதிதான், பின்னாடி யார் யார் கனெக்ட் ஆகியிருக்காங்கன்னு பாக்க நல்லா இருக்கு, ஆனா மொத தடவை செட் பண்ண பிரவுசர் வழிதான் எனக்குப் பிடிச்சுது, எல்லா செட்டிங்கும் கண்ணுல படுது.

பிரவுசர்ல போறதுக்கு ரூட்டரோட அட்ரஸ் வேணும். ஸ்டிக்கர்ல ஒரு பேர் மாதிரி அட்ரஸ் போட்டிருந்தாங்க, அதை அடிச்சா திறக்கல. காரணம் என் போன்ல பிரைவேட் டிஎன்எஸ் ஆன்ல இருந்துச்சு, விளம்பரம் வராம இருக்க எப்பவோ போட்டு வச்சது. ஆண்ட்ராய்ட் 9ல இருந்து இந்த வசதி இருக்கு. பேரை நம்பரா மாத்திக் கொடுக்கிறது டிஎன்எஸ் வேலை, அந்தக் கேள்வி ரூட்டர்கிட்டயே போனாத்தான் ரூட்டர் 'அது நான்தான்'னு பதில் சொல்லும், பிரைவேட் டிஎன்எஸ் இருந்தா கேள்வி வெளியில எங்கயோ இருக்கிற சர்வருக்குப் போகப் பாக்குது, இன்டர்நெட்டே இல்லாததால அதுவும் போகல. விபிஎன் (எல்லாத்தையும் வெளியில ஒரு சர்வர் வழியா அனுப்புற வசதி) ஆன்ல இருந்தாலும் இதே கதைதான். ரெண்டையும் ஆஃப் பண்ணுங்க, இல்லன்னா பேரை விட்டுட்டு நேரா நம்பரை அடிங்க.

நம்பர் எதுன்னு ஊகிக்க வேண்டியதில்ல. ஆண்ட்ராய்ட்ல கனெக்ட் ஆன வைஃபை பேரைத் தட்டி உள்ள போனா கேட்வேன்னு ஒரு வரி இருக்கும், ஐபோன்ல அதே இடத்துல ரூட்டர்னே போட்டிருக்கும். எனக்கு 192.168.0.1. நிறைய ரூட்டர்ல 192.168.1.1 ஆவும் இருக்கும். இந்த 192.168னு ஆரம்பிக்கிற அட்ரஸெல்லாம் வீட்டுக்குள்ள, ஆபீசுக்குள்ள பயன்படுத்தறதுக்குன்னே ஒதுக்கி வச்சது, வெளி இன்டர்நெட்ல இது எங்கயும் போகாது, அதனாலதான் எல்லார் வீட்லயும் இதே நம்பர் இருந்தும் ஒண்ணோட ஒண்ணு மோதல. இதை பிரவுசர்ல அடிச்சப்ப அது தேடல் பக்கத்துக்குப் போகப் பாத்துச்சு, முன்னாடி எச்டிடிபி, முக்காற்புள்ளி, ரெண்டு சாய்கோடு எல்லாம் சேர்த்து முழுசா அடிச்சதும் திறந்துச்சு. எச்டிடிபிஎஸ் இல்ல, எஸ் இல்லாம. 'பாதுகாப்பற்ற தளம்'னு பிரவுசர் எச்சரிக்கும், வீட்டுக்குள்ள நம்ம ரூட்டர்கிட்டதான் பேசுறோம், தொடரலாம். மெனு பாதி வெட்டுப்பட்டுத் தெரிஞ்சா பிரவுசர் மெனுல டெஸ்க்டாப் சைட்டை டிக் பண்ணி போனைப் படுக்க வச்சுப் பிடிங்க, சேவ் பட்டன் ஓரத்துல ஒளிஞ்சிருக்கும், எனக்கு அப்படித்தான் ஒரு பக்கத்துல பட்டனே தெரியாம இருந்துச்சு.

உள்ள போனதும் அட்மின் பாஸ்வேர்ட் போடச் சொல்லும். இது வைஃபை பாஸ்வேர்ட் இல்ல, செட்டிங்ஸ் பக்கத்துக்கான பூட்டு. ரெண்டும் ஒண்ணா இருந்தா வைஃபை பாஸ்வேர்ட் தெரிஞ்ச எந்த விருந்தாளியும் செட்டிங்ஸுக்குள்ள வர முடியும், அதனால கட்டாயம் வேற வேற போடுங்க. இங்க பிரவுசர் 'பாஸ்வேர்டை சேவ் பண்ணவா'ன்னு கேட்டுச்சு, யோசிக்காம ஆமான்னு சொல்லிட்டேன். அதோட பலனை அடுத்த பக்கத்துல அனுபவிச்சேன்.

அடுத்தது வான் பக்கம், இன்னிக்கு வேலையோட நடு மையமே இதுதான். எங்க கனெக்ஷன் பிபிபிஓஇ வகை. அதாவது ரூட்டர் ஒவ்வொரு தடவை ஆன் ஆகும்போதும் யூசர்நேம் பாஸ்வேர்ட் கொடுத்து உள்ள போகணும். டைனமிக் ஐபி வகைன்னா இந்த வேலையே இல்ல, கேபிளைச் சொருகினா தானா அட்ரஸ் வாங்கிக்கும். பைபர் பாக்ஸே லாகின் பண்ணிக்கிற மாதிரி செட் பண்ணியிருந்தாலும் நம்ம ரூட்டர்ல டைனமிக்தான் போடணும். எது நம்மளோடதுன்னு பழைய ரூட்டரோட ஸ்கிரீன்ஷாட் சொல்லிடும். எம்டியூன்னு (ஒரு பாக்கெட் அதிகபட்சம் எவ்வளவு பெருசா இருக்கலாம்ங்கிற அளவு) ஒரு கட்டத்துல 1492ன்னு இருந்துச்சு, அதைத் தொடல. சாதாரணமா ஒரு பாக்கெட் 1500 பைட், அதுல பிபிபிஓஇ தன் தலைப்புக்கு 8 பைட் எடுத்துக்குது, மிச்சம் 1492, அவ்வளவுதான்.

யூசர்நேமும் பாஸ்வேர்டும் கனெக்ஷன் வாங்கினப்ப வந்த மெசேஜ்ல இருந்துச்சு. காப்பி பண்ணி ஒட்டினேன், சேவ் பண்ணினேன், கனெக்ட் ஆகல. 'அங்கீகாரம் தோல்வி'ன்னு வந்துச்சு. இந்த வார்த்தையைக் கொஞ்சம் கவனிச்சுப் படிக்கணும், ஏன்னா தோல்வி ரெண்டு விதம். 'சர்வர் பதில் சொல்லல'ன்னா கேபிள் தப்பான போர்ட்ல இருக்கு, இல்ல பைபர் பாக்ஸ்ல சிக்னல் இல்ல, இல்ல விலேன் நம்பர் (ஒரே கேபிள்ல இன்டர்நெட்டுக்குன்னு தனியாப் பிரிச்ச பாதையோட நம்பர்) ஏதோ போட வேண்டியிருக்கு. 'அங்கீகாரம் தோல்வி'ன்னா அந்தப் பக்கம் ஆள் இருக்கு, நம்மகிட்ட பேசுது, ஆனா நாம சொன்ன பேரையோ பாஸ்வேர்டையோ ஏத்துக்கல. அப்ப கேபிளைத் தொடவே வேணாம். நான் இது புரியாம ஒரு கால்மணி நேரம் கேபிளை உருவி உருவி மாட்டிட்டு இருந்தேன்.

ரூட்டர்லயே சிஸ்டம் லாக்னு, நடந்ததையெல்லாம் குறிச்சு வைக்கிற ஒரு பக்கம் இருந்துச்சு, அதுல நான் அனுப்பின யூசர்நேம் மேற்கோள் குறிக்குள்ள இருந்துச்சு. பாத்தா பேர் முடிஞ்சப்புறம் ஒரு இடைவெளி விட்டு மேற்கோள் குறி மூடுது. மெசேஜ்ல இருந்து காப்பி பண்ணும்போது கடைசில ஒரு ஸ்பேஸும் சேர்ந்து வந்திருக்கு. கீபோர்ட் காட்டுற பரிந்துரையைத் தட்டினாலும் இதே மாதிரி பின்னாடி ஒரு ஸ்பேஸ் போட்டு விடும், கையால அடிச்சா மொத எழுத்தைப் பெரிய எழுத்தா மாத்தும். ஸ்பேஸை எடுத்துட்டு திரும்ப சேவ் பண்ணினேன்.

திரும்பவும் அதே தோல்வி. இந்தத் தடவை பாஸ்வேர்ட் கட்டத்துப் பக்கத்துல இருக்கிற கண் படத்தைத் தட்டிப் பாத்தேன், உள்ள இருந்தது மெசேஜ்ல வந்த பாஸ்வேர்ட் இல்ல, என்னோட அட்மின் பாஸ்வேர்ட்! பிரவுசர் சேவ் பண்ணி வச்சிருந்ததை 'இந்தப் பக்கத்துலயும் ஒரு பாஸ்வேர்ட் கட்டம் இருக்கே'ன்னு தானா நிரப்பி வச்சிருக்கு. யூசர்நேமைத் திருத்த நான் பக்கத்தைத் திரும்பத் திறந்ததும் இது நடந்திருக்கு, புள்ளி புள்ளியா இருந்ததால எனக்குத் தெரியல. இதுக்கப்புறம் பிரவுசர்ல சேவ் ஆன பாஸ்வேர்டை அழிச்சுட்டு, பிரைவேட் டேப்ல திறந்து மிச்ச வேலையைச் செஞ்சேன். வான் பக்கத்தை எப்ப திறந்தாலும், சேவ் பண்றதுக்கு முன்னாடி கண் படத்தைத் தட்டி ஒரு தடவை பாருங்க.

ரெண்டையும் சரி பண்ணியும் கனெக்ட் ஆகல. இப்ப எனக்கு மனசு விட்டுப் போச்சு, கஸ்டமர் கேருக்குப் போன் போட்டேன். மொபைல் டேட்டா ஆஃப்ல இருந்தாலும் கால் போகும், அதுல பிரச்சனை இல்ல. பேசினவர் பொறுமையாக் கேட்டுட்டு ஒரே வரில சொன்னார், "சார், உங்க பழைய ரூட்டரோட மேக் இங்க பதிவாயிருக்கு, புதுசை நாளைக்குக் காலைலதான் மாத்த முடியும், அது வரைக்கும் மேக் குளோன் போட்டுக்கோங்க." அப்பத்தான் அந்த ஸ்கிரீன்ஷாட்ல இருந்த பன்னெண்டு எழுத்து எதுக்குன்னு விளங்குச்சு.

மேக் அட்ரஸ்ங்கிறது ஒவ்வொரு கருவிக்கும் தயாரிக்கும்போதே கொடுக்கிற அடையாளம். சில கனெக்ஷன்ல மொத தடவை மாட்டின ரூட்டரோட மேக்கை மட்டும்தான் உள்ள விடுவாங்க. புது ரூட்டர் பழைய ரூட்டரோட மேக்கைச் சொல்லிக்கிட்டு உள்ள போறதுதான் மேக் குளோன். வான் பக்கத்துலயே கீழ அட்வான்ஸ்டுல அதுக்கு இடம் இருந்துச்சு. பக்கத்துல 'இந்தக் கருவியின் மேக்கை நகலெடு'ன்னு ஒரு பட்டன், வசதியா இருக்கேன்னு அதைத் தட்டிடாதீங்க. அது லேப்டாப் காலத்து பட்டன், அப்ப கனெக்ஷன் நேரா கம்ப்யூட்டர்ல இருக்கும், அந்த மேக் பதிவாயிருக்கும், அதை ரூட்டருக்கு எடுத்துக்கலாம். போன்ல தட்டினா போனோட மேக்தான் போகும், அதுவும் உண்மையான மேக் கூட இல்ல. ஆண்ட்ராய்ட் 10, ஐஓஎஸ் 14ல இருந்து போன் ஒவ்வொரு வைஃபைக்கும் தானா ஒரு பொய் மேக் தயார் பண்ணிக் கொடுக்குது, நம்மளை யாரும் இடம் இடமாப் பின்தொடரக் கூடாதுன்னு. ஒரு மேக்ல ரெண்டாவது எழுத்து 2, 6, ஏ, ஈ இதுல ஒண்ணா இருந்தா அது அநேகமா இப்படி உண்டாக்கினதுதான், நான் பட்டனைத் தட்டினப்ப வந்ததுலயும் ரெண்டாவது எழுத்து 6.

பழைய ரூட்டரோட ஸ்டிக்கர்ல இருக்கிற மேக்கையும் அப்படியே நம்பி எடுக்காதீங்க. ஸ்டிக்கர்ல பெரும்பாலும் லேன் பக்கத்து மேக் இருக்கும், வான் மேக் கடைசி எழுத்துல ஒண்ணு ரெண்டு வித்தியாசப்படலாம். எனக்கு ஸ்டிக்கர்ல கடைசில 4, ஸ்டேட்டஸ் பக்க ஸ்கிரீன்ஷாட்ல 5. ஸ்கிரீன்ஷாட்ல இருந்ததை ஒவ்வொரு எழுத்தா தங்கச்சி படிக்க நான் அடிச்சேன், சேவ் பண்ணி, பைபர் பாக்ஸையும் ரூட்டரையும் ஒரு நிமிஷம் ஆஃப் பண்ணி ஆன் பண்ணினேன். பழைய லாகின் அந்தப் பக்கத்துல இன்னும் உயிரோட இருந்தா புதுசை விடாது, அதுக்காக அந்த ஒரு நிமிஷம்.

ஆரஞ்சா இருந்த இன்டர்நெட் லைட் பச்சைக்கு மாறுச்சு. "அண்ணா வந்துடுச்சு"ன்னு தங்கச்சி கத்தினதுல பக்கத்து ரூம்ல படுத்திருந்த அம்மா எந்திரிச்சு வந்துட்டாங்க.

இதுக்கப்புறம் எல்லாம் சுலபம்தான், ஆனா ஒரு நல்ல விஷயம் இருக்கு. புது வைஃபைக்குப் புதுப் பேர் வைக்காம, பழைய ரூட்டர்ல இருந்த அதே பேர், அதே பாஸ்வேர்ட், ஒரு எழுத்து கூட மாறாம வச்சேன். டிவி, பிரிண்டர், கேமரா, அம்மா போன், ஸ்மார்ட் பிளக் எல்லாமே ரூட்டர் மாறினதே தெரியாம தானா வந்து ஒட்டிக்கிச்சு. ஒவ்வொண்ணா ரிமோட்டை வச்சு பாஸ்வேர்ட் அடிக்கிற வேலை மிச்சம். பழைய பாஸ்வேர்ட் நாலு பேருக்குத் தெரிஞ்சு பரவியிருந்தா இதைச் செய்யாதீங்க, புதுசு வைக்கறதுதான் நல்லது.

பேரை மாத்தி சேவ் தட்டினதும் பக்கம் சுத்திட்டே இருந்து 'தளத்தை அடைய முடியல'ன்னு வரும். பயப்பட வேணாம். லேப்டாப்பை கேபிள்ல மாட்டிச் செஞ்சா இப்படி ஆகாது, போன்ல நாம உக்காந்திருக்கிற கிளையையே வெட்டுற மாதிரி, வைஃபை வழியா உள்ள போயி வைஃபை பேரையே மாத்துறோம். ஸ்டிக்கர்ல இருந்த பேர் மறைஞ்சுடும், அரை நிமிஷம் விட்டு செட்டிங்ஸ்ல இப்ப வச்ச பேரைத் தேடி கனெக்ட் பண்ணிட்டு திரும்ப உள்ள வாங்க, சேவ் ஆகியிருக்கும். இதனால வைஃபை பேர் மாத்துற வேலையை எப்பவும் வான் வேலை முடிஞ்சப்புறம் வச்சுக்கிட்டா நல்லது.

செக்யூரிட்டில, வைஃபையைப் பூட்டுற முறைங்களான டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 ரெண்டும் கலந்ததுன்னு ஒரு ஆப்ஷன் இருந்துச்சு, அதைத்தான் மொதல்ல போட்டேன். 3 வந்தது 2018ல, அதுக்கு முந்தின கருவிங்களும் வேலை செய்யணும்னுதான் கலந்த ஆப்ஷன் கொடுக்கிறாங்க. ஆனாலும் ஒரு பழைய ஸ்மார்ட் பிளக் மட்டும் கனெக்ட் ஆகாம அடம் பிடிச்சுச்சு. ரூட்டர் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ்னு ரெண்டு அலைவரிசைல பேசும், அந்த பிளக்குக்கு 2.4 மட்டும்தான் தெரியும், அதனால 2.4க்கு மட்டும் டபிள்யூபிஏ2 வச்சுட்டு 5 கிகாஹெர்ட்ஸுக்குக் கலந்ததையே விட்டேன், உடனே வந்துடுச்சு.

டபிள்யூபிஎஸ் ஆன்ல இருந்துச்சு, ஆஃப் பண்ணிட்டேன். பட்டனை அமுக்கினா பாஸ்வேர்ட் இல்லாம கனெக்ட் ஆகிற வசதி அது, ஆனா அதுல பின் நம்பர் முறையும் ஒண்ணு இருக்கு, அதோட ஓட்டை 2011லயே வெளிய வந்துச்சு. எட்டு இலக்க பின்னுன்னா கோடிக்கணக்குல முயற்சி பண்ணணும்னு தோணும், ஆனா கடைசி இலக்கம் மத்த ஏழுல இருந்து கணக்குப் போட்டு வர்றது, மிச்ச ஏழையும் ரூட்டர் மொத நாலு, அடுத்த மூணுன்னு தனித்தனியா சரி பாத்துப் பதில் சொல்லுது, ஆக பத்தாயிரமும் ஆயிரமும் சேர்ந்து 11,000 முயற்சில கதை முடிஞ்சுடும். புது ரூட்டருங்கள்ல இதுக்குத் தடுப்பு இருக்கலாம், ஆனா நான் பயன்படுத்தாத கதவு எதுக்குத் திறந்திருக்கணும்.

சேனல் (ஒரு அலைவரிசைக்குள்ள இருக்கிற தனித்தனி பாதை) விஷயத்துல ஆட்டோல விட்டாலே போதும்னு நிறைய பேர் சொல்வாங்க. 5 கிகாஹெர்ட்ஸ்ல நானும் விட்டுட்டேன். 2.4ல மட்டும் வைஃபை அனலைசர் மாதிரி ஒரு ஆப் போட்டுப் பாத்தேன், சுத்தியிருக்கிற வீடுங்கள்ல பாதிக்கு மேல சேனல் 6ல குவிஞ்சிருந்தாங்க. 2.4ல ஒண்ணோட ஒண்ணு படாம இருக்கிறது 1, 6, 11 மட்டும்தான், ஏன்னா ஒவ்வொரு சேனலும் 5 மெகாஹெர்ட்ஸ் தள்ளித் தள்ளி இருக்கு, ஆனா சிக்னல் 20 மெகாஹெர்ட்ஸ் அகலம். 3ல போயி நின்னா 1 காரருக்கும் இடைஞ்சல், 6 காரருக்கும் இடைஞ்சல், நமக்கும் இடைஞ்சல். 11 காலியா இருந்துச்சு, அதைப் போட்டு அகலத்தை 20லயே வச்சேன். ஆண்ட்ராய்ட் ஆப்ல லிஸ்ட் உடனுக்குடன் மாறாது, ரெண்டு நிமிஷத்துக்கு நாலு தடவைதான் ஸ்கேன் பண்ண ஆண்ட்ராய்ட் விடும், அதனால ஒரு இடத்துல நின்னு கொஞ்சம் பொறுத்துப் பாருங்க. 5 கிகாஹெர்ட்ஸ்ல ரீஸ்டார்ட் பண்ணினதும் அந்தப் பேர் மட்டும் ஒரு நிமிஷம் காணோம்னா கவலைப்படாதீங்க, 52ல இருந்து மேல சில சேனல்கள் ரேடாருக்கும் பொதுவானது, அதுல போறதுக்கு முன்னாடி ரூட்டர் 60 செகண்ட் ரேடார் இருக்கான்னு கேட்டுட்டுத்தான் பேச ஆரம்பிக்கும். காத்திருக்கப் பிடிக்கலன்னா 36ல இருந்து 48க்குள்ள ஒண்ணைப் போடுங்க.

லேப்டாப்பை விட போன் ஜெயிச்ச இடம் இதுக்கப்புறம்தான் வந்துச்சு. அதே ஆப்ல சிக்னல் அளவு டிபிஎம்ல தெரியும், மைனஸ் நம்பரா. பூஜ்யத்துக்குக் கிட்ட வர வர நல்லது, மைனஸ் 50ன்னா அருமை, மைனஸ் 67 வரைக்கும் வீடியோ கால் தடங்கல் இல்லாம ஓடும், மைனஸ் 80 தாண்டினா கனெக்ட் ஆன மாதிரி மட்டும்தான் இருக்கும். ஒவ்வொரு 10க்கும் சிக்னலோட பலம் பத்து மடங்கு மாறுது, அதனால சின்ன நம்பர் வித்தியாசம்னு விட்டுடக் கூடாது. போனைக் கையில பிடிச்சுட்டு ரூம் ரூமா நடந்தேன். பழைய ரூட்டர் இருந்த அதே இடத்துல, டிவிக்குப் பின்னாடி, வச்சப்ப அம்மா ரூம்ல மைனஸ் 79. ரூட்டரை டிவிக்குப் பின்னாடி இருந்து எடுத்து அதே சுவத்துல மேல் அலமாரிக்கு ஏத்தினேன், முன்னாடி எதுவும் மறைக்காம. மைனஸ் 64. கேபிள் கூட மாத்தல, ஒன்றரை மீட்டர் மேல ஏத்தினதுதான். இத்தனை வருஷமா அம்மா "என் ரூம்ல மட்டும் நிக்குது"ன்னு சொன்னதுக்கெல்லாம் நான் பழைய ரூட்டரையே திட்டிட்டு இருந்தேன், அதுக்குப் பாதிக் காரணம் டிவியோட பின்பக்கத் தகடுதான்.

ஃபர்ம்வேர், அதாவது ரூட்டருக்குள்ள ஓடுற மென்பொருள், அதோட அப்டேட்டைக் கடைசியா வச்சேன். ரூட்டரே தானா இறக்கிப் போட்டுக்கிற ஆன்லைன் அப்டேட் இருந்துச்சு, போனுக்கு ஏத்தது அதுதான். கையால ஃபைல் இறக்கி ஏத்துற வழியும் இருக்கு, அதுல ஜிப் ஃபைலை விரிச்சு உள்ள இருக்கிற .bin ஃபைலை மட்டும் கொடுக்கணும், மாடல் பேர் மட்டும் இல்லாம ஸ்டிக்கர்ல இருக்கிற ஹார்ட்வேர் வெர்ஷனும் ஒத்துப் போகணும், அது மாறினா ரூட்டர் எந்திரிக்காமலே போகலாம். அப்டேட் ஓடும்போது பவரை மட்டும் தொடாதீங்க. நடுவுல வைஃபை அறுந்து போன் தனியா நிக்கும், அது சரிதான், அஞ்சு நிமிஷம் விட்டுட்டு வந்து பாருங்க.

எல்லாம் முடிஞ்சப்புறம் பேக்கப்னு இருக்கிற பக்கத்துல போயி செட்டிங்ஸ் ஃபைலை போன்ல இறக்கி வச்சுக்கிட்டேன், என்னிக்காவது ரீசெட் பண்ண வேண்டி வந்தா அதைத் திருப்பிப் போட்டா போதும். விருந்தாளிகளுக்குன்னு கெஸ்ட் நெட்வொர்க் ஒண்ணு தனிப் பேர்ல போட்டேன், அதோட க்யூஆர் கோடை போன்லயே எடுத்துக்கலாம், ஆண்ட்ராய்ட் 10ல இருந்து வைஃபை ஷேர்ல அது வருது. யார் வந்தாலும் பாஸ்வேர்ட் சொல்ல வேண்டியதில்ல, ஸ்கேன் பண்ணிக்கலாம்.

அப்புறம் போனைப் பழைய நிலைக்குக் கொண்டு வந்தேன். மொபைல் டேட்டா ஆன், பிரைவேட் டிஎன்எஸ் ஆன், விபிஎன் ஆன், ரூட்டர் ஆப்போட லொகேஷன் பர்மிஷன் ஆஃப். மறுநாள் காலைல சொன்ன மாதிரியே புது மேக்கைப் பதிவு பண்ணிட்டதா மெசேஜ் வந்துச்சு, குளோனை எடுத்துட்டு ரூட்டரோட சொந்த மேக்குக்கு மாத்தினேன், பச்சை லைட் அப்படியே நின்னுச்சு.

பழைய ரூட்டரைத் தூக்கிப் போடறதுக்கு முன்னாடி ஒரு தடவை ஆன் பண்ணி, பின்னாடி இருக்கிற சின்ன ஓட்டையில ஊசியை விட்டு லைட்டெல்லாம் சேர்ந்து மின்னுற வரைக்கும் அமுக்கிப் பிடிச்சேன், பத்து செகண்டுக்கு மேல ஆச்சு. கனெக்ஷனோட யூசர்நேம், பாஸ்வேர்ட், வைஃபை பாஸ்வேர்ட் எல்லாம் அதுக்குள்ள இருந்துச்சு. அதோட 9 வோல்ட் அடாப்டரை மட்டும் தூக்கிப் போடல, வெள்ளை டேப் ஒட்டி வோல்ட்டும் ஆம்பியரும் பேனாவால பெருசா எழுதி டிராயர்ல வச்சிருக்கேன். புது அடாப்டர்லயும் அதே மாதிரி ஒரு டேப் ஒட்டியாச்சு.